ஒன்பதாம் நம்பர் தடி

இது கதை இல்லை. நடந்தது. போன டிசம்பர் பதினாலாம் தேதி தாஸ்குதுக் ஸ்டேஷன்ல, சாயங்காலம் நாலு பதினேழுக்கு ஆரம்பிச்சு நாலு ஐம்பத்திரண்டுக்கு முடிஞ்சுது. நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க போய் உங்க வேலையைப் பாருங்க. எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை.

நான் பேய்க்குப் பயப்படுற ஆள் கிடையாது. பேர் பகிலா. இந்த ஸ்டேஷன்ல இருபத்தேழு வருஷம் மாஸ்டரா இருந்தவ. குடிச்சுட்டு வந்த டிரைவரைப் பார்த்திருக்கேன். பிளாட்பாரம் வரைக்கும் வந்த ஓநாயைப் பார்த்திருக்கேன். அல்மாட்டியிலேர்ந்து வந்த ஆடிட்டரையும் பார்த்திருக்கேன். யாராவது பேய் பார்த்தேன்னு சொன்னா, "என்ன குடிச்சே?"ன்னு கேக்குற வாய் என்னுது. அந்த வாயாலதான் இதைச் சொல்றேன்.

புது லைன் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. எங்க ஸ்டேஷன் செத்துப்போச்சு. தண்டவாளத்தைப் பிடுங்கி வித்தாங்க, செம்புக் கம்பியை அறுத்து வித்தாங்க. விக்க முடியாத கட்டிடம் மட்டும் மிச்சம். அதை என்ன பண்றதுன்னு தெரியாம மியூசியம்னு பேர் வெச்சாங்க. முன்னாடி இருநூறு மீட்டர் தண்டவாளம், அது மேல ஒரு நீராவி இன்ஜின், உள்ளே என் பழைய ஆபீஸ். நான் தூசி துடைக்கிறேன், அடுப்புக்கு நிலக்கரி போடுறேன், யாராவது தப்பித்தவறி வந்தா டிக்கெட் கிழிக்கிறேன்.

மியூசியத்துக்குத் தலைவர் ஒருத்தர் இருக்கார். நூர்ஜிகித். முப்பத்தி நாலு வயசு. இதுக்கு முன்னாடி கல்யாண மண்டபம் நடத்தினவன். ரயிலுக்கும் அவனுக்கும் உள்ள சம்பந்தம், ஒரு தடவை ஏறியிருக்கான், அவ்வளவுதான். எதைக் கண்டாலும் தங்கப் பெயிண்ட் அடிப்பான். சுவர்க் கடிகாரத்துக்கு அடிச்சான், விளக்குக்கு அடிச்சான். ஒரு பொம்மைக்கு என் யூனிஃபார்மைப் போட்டு, தலையில பொம்பளை சவுரியும் என் தொப்பியும் வெச்சு, "ஸ்டேஷன் மாஸ்டர்"னு எழுதி மாட்டினான். அந்தப் பொம்மை என்னைப் பார்த்துச் சிரிக்கும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா தடி மெஷின் விஷயத்துல விட முடியலை.

அது என்னன்னு சொல்லிடுறேன், ரொம்ப லேசு. எங்களோடது ஒத்தை லைன். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஸ்டேஷன் ஷெங்கெல். ரெண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்துல ரயில் கிளம்பினா என்ன ஆகும்? அதுக்குத்தான் ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு இரும்பு மெஷின். உள்ளே நம்பர் போட்ட இரும்புத் தடிங்க. ஒரு தடியை எடுத்து டிரைவர் கையில குடுத்தாத்தான் அவர் லைன்ல போகலாம். ஒண்ணு வெளியில இருக்கிற வரைக்கும் ரெண்டு மெஷினும் பூட்டிக்கும், இன்னொண்ணு வராது. போய்ச் சேர்ந்த ஸ்டேஷன்ல தடியைத் திரும்ப உள்ளே போட்டா லைன் காலி. தடி வெளியில இருந்தா லைன்ல ஆள் இருக்கு. அது உள்ளே வர்ற வரைக்கும் மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சட்டம் இவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை மீறினவன்னு எங்க லைன்ல ஒரே ஒருத்தன் பேரைச் சொல்லுவாங்க. ஒதெகென். தண்டவாளம் பழுது பார்க்குற கேங்குக்கு மேஸ்திரி. 1957 ஜனவரியில, பனிப்புயல்ல, தடி வாங்காமலே ட்ராலியைத் தள்ளிக்கிட்டு ஷெங்கெல்லேர்ந்து கிளம்பினானாம். எதிர்ல கூட்ஸ் வந்துச்சு. தானும் செத்து, கூட வந்த மூணு பேரையும் சாகடிச்சான். புதுசா வேலைக்கு வர்ற பசங்க தப்புப் பண்ணினா, "என்னடா, ஒதெகென் மாதிரி மூளையை வீட்டுல வெச்சுட்டு வந்தியா?"ன்னுதான் திட்டுவோம். நானும் ஆயிரம் தடவை திட்டியிருக்கேன்.

நவம்பர் இருபத்தி மூணு. நான் உள்ளே வர்றேன், நூர்ஜிகித் மெஷினோட முதுகுப்பக்க மூடியில நாலு திருகாணியையும் கழட்டிட்டு உட்கார்ந்திருக்கான். கையில பதினாலாம் நம்பர் தடி.

"என்ன பண்றே தம்பி?"

"மாகாணப் பெரியவர் வர்றார்க்கா. அவருக்குப் பரிசு. வெல்வெட் பெட்டி வாங்கியாச்சு, தங்கப் பெயிண்ட் அடிச்சா ஜம்முன்னு இருக்கும்."

"உள்ளே போடு. தடி வெளியில இருந்தா லைன்ல ஆள் இருக்குன்னு அர்த்தம்."

"லைனே இல்லையேக்கா!" விழுந்து விழுந்து சிரிச்சான். "இரும்புத் துண்டுக்கு இவ்வளவு பேச்சா? போய் டீ போடுங்க."

எனக்கு மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. டீ போடலை.

மறுநாள் சாயங்காலம் நாலு பதினேழு. மெஷின்ல சின்னதா ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே வெள்ளைத் தகடு தெரிஞ்சா லைன் காலி, சிவப்புத் தகடு தெரிஞ்சா லைன்ல ஆள். இருபது வருஷமா வெள்ளைதான். அன்னைக்குச் சிவப்பு. கரண்ட் இல்லை, கம்பி இல்லை. எலி தட்டிவிட்டிருக்கும்னு நினைச்சேன்.

நவம்பர் இருபத்தி ஒன்பது. அதே நாலு பதினேழு. மெஷின் மணி ஒரு தடவை... ணங். எலி மணியும் அடிக்குதான்னு கேட்டேன், சத்தமாவே.

டிசம்பர் ஆறு. வாசல்லேர்ந்து மெஷின் வரைக்கும் ஈரக் கால்தடம். கம்பளி பூட்ஸ். இப்ப யார் அதைப் போடுறா? நூர்ஜிகித் வேலை, இன்டர்நெட்ல போட ஏதோ நாடகம் ஆடுறான்னு எரிச்சலோட துடைச்சேன். துடைச்ச துணியில நிலக்கரி வாசனை. சரி, அடுப்பு இருக்கே.

அப்புறம் வெளியில போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். தண்டவாளம் பிடுங்கின மண் கரை மேலேர்ந்து அதே தடம் வந்திருந்துச்சு. பனியில, குட்டை குட்டை அடியா, எல்லாம் ஒரே அளவு. தண்டவாளத்துல நடந்து பழகினவன்தான் அப்படி நடப்பான், ஒவ்வொரு குறுக்குக் கட்டையிலயும் ஒரு அடி. ஆனா அங்கே கட்டையைப் பிடுங்கி இருபது வருஷம் ஆச்சு.

வந்த தடம் மட்டும்தான். திரும்பிப் போன தடம் இல்லை.

அன்னைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா, "என்ன குடிச்சே?"ன்னு கேப்பாங்களே.

டிசம்பர் பதினாலு. மத்தியானம் ரெண்டு மணிக்குப் புயல் ஆரம்பிச்சுது. எங்க பனிப்புயல் வந்தா ராத்திரி பகல் வித்தியாசம் கிடையாது, கையை நீட்டினா கை தெரியாது. பரிசுப் பெட்டியோட கிளம்ப வந்த நூர்ஜிகித் போக முடியாம உள்ளேயே மாட்டிக்கிட்டான். தடி வெச்ச அந்தப் பெட்டி வெளியில அவன் கார்ல.

மூணு நாற்பதுக்கு என் பையன் மெய்ராம் போன் பண்ணினான். ஷெங்கெல் பக்கம் ஆட்டுப் பண்ணையில வேலை. தினமும் அஞ்சு மணிக்கு ஜீப்ல வந்து என்னைக் கூட்டிட்டுப் போவான்.

"அம்மா, கிளம்பிட்டேன். ரோடு மூடிடுச்சு, கரை மேலேயே வந்துடுறேன்."

"வேண்டாம்டா, அங்கேயே இரு."

"கரை மேல பனி நிக்காதும்மா, காத்து துடைச்சு விட்டிருக்கு. நீ பாட்டுக்கு..."

லைன் கட்டாயிடுச்சு. டவர் போச்சு.

பழைய ரயில் கரை. ஒரு வண்டி போற அகலம். ரெண்டு பக்கமும் சரிவு. அது பழைய வழக்கம்தான், புயல்னா எல்லாரும் அது மேலதான் வருவாங்க. நானும் அடுப்புக்கு இன்னும் ரெண்டு கரண்டி போட்டுட்டு உட்கார்ந்தேன்.

நாலு பதினேழு.

ணங்... ணங்... ணங்.

மூணு. எங்க கணக்குல மூணுன்னா, "போனை எடு"ன்னு அர்த்தம்.

சுவர்ல தொங்கின பழைய போன் அடிக்க ஆரம்பிச்சுது. கிர்ர்ர்... கிர்ர்ர்...

"அட! செட்டப் சூப்பர்க்கா!" நூர்ஜிகித் செல்போன்ல படம் எடுத்துக்கிட்டே ரிசீவரை எடுத்தான். "தொடாதே!"ன்னேன். தொட்டுட்டான்.

உள்ளே ஒரு குரல். அடுப்புப் பக்கம் நின்ன எனக்கே கேட்டுச்சு. கரகரன்னு.

"தாஸ்குதுக்... ரயில் கிளம்பிடுச்சா?"

நூர்ஜிகித் எனக்குக் கண்ணடிச்சான். "கிளம்பிடுச்சு அண்ணே, கிளம்பிடுச்சு!"

"மணி?"

செல்போனைப் பார்த்தான். "நாலு பத்தொன்பது."

"பதினாறு பத்தொன்பது. எழுதிக்கிட்டேன்."

டக்.

அவன் சிரிப்பு அப்படியே மூஞ்சில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரத்தம் மட்டும் வடிஞ்சு போச்சு. போனுக்குக் கீழே அறுத்த கம்பி ஒரு சாண் நீளத்துக்கு ஆடிக்கிட்டு இருந்துச்சு, எதுலயும் சேராம.

"யாருக்கா பேசினது?"

வெளியில சத்தம் கேட்டுச்சு.

கடங்... கடங்... கடங்... கடங்...

நின்ன கூட்ஸ் வண்டி கிளம்பும்போது பெட்டிக்குப் பெட்டி கொக்கி இழுபடுற சத்தம். இருபத்தேழு வருஷம் கேட்ட காது இது. பழக்க தோஷத்துல எண்ணினேன். நாற்பத்தி மூணு பெட்டி.

வெளியில நிக்கிறது ஒரே ஒரு இன்ஜின். பெட்டியே கிடையாது.

ரயில் ஷெங்கெல் பக்கம் போகுது.

மெய்ராம் அந்தப் பக்கமிருந்து வர்றான்...

ஒத்தை லைன். ஒரே கரை. என் பிள்ளை அது மேல வந்துக்கிட்டு இருக்கான். ஒரு தடி வெளியில இருக்கிறதாலதான் அந்த வண்டி போகுது. தடி உள்ளே வந்தா லைன் காலி. எனக்குத் தெரிஞ்ச சட்டம் அது ஒண்ணுதான்.

"கார் சாவியைக் குடு!"

"வெளியில போகாதீங்கக்கா..." நூர்ஜிகித் மேஜைக்கு அடியில உட்கார்ந்துட்டான். நிஜமா. மியூசியத் தலைவர், மேஜைக்கு அடியில.

"சாவி!"

"அக்கா, ப்ளீஸ்க்கா..."

தூ! நிலக்கரி அள்ளுற மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வெளியில போனேன்.

பிளாட்பாரக் கம்பியைப் பிடிச்சு, தூண் எண்ணி நடந்தேன். இருபத்தெட்டு... இருபத்தொன்பது... எனக்கு இடப்பக்கம் ஏதோ பெருசா போய்க்கிட்டு இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியலை. காத்து மட்டும் என்னை அந்தப் பக்கமா இழுத்துச்சு, ரயில் போகும்போது இழுக்குமே, அப்படி. பிளாட்பாரம் காலுக்குக் கீழே அதிர்ந்துச்சு.

முப்பத்தொண்ணாவது தூண். கார்.

பின் கண்ணாடியை ஒரே போடு போட்டேன். அந்த நேரத்துலயும், சும்மா சொல்லக் கூடாது, அது கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

பெட்டியை எடுத்துத் திரும்பினேன். பனிக்குள்ளே சிவப்பா ஒரு விளக்கு. கடைசிப் பெட்டியோட விளக்கு.

தள்ளிப் போச்சு... மங்கிச்சு... இல்லை.

நாலு முப்பத்தொண்ணு. தடியை மெஷின் வாயில வெச்சேன்.

போகலை.

அழுத்தினேன். போகலை.

தங்கப் பெயிண்ட்! மூணு கோட் அடிச்சிருக்கான், படுபாவி. தடி தடிச்சுப் போச்சு.

கத்தியால சுரண்டினேன். நகத்தால சுரண்டினேன். "ஐயோ மெய்ராம், ஐயோ மெய்ராம்"னு வாய் பாட்டுக்குக் கத்துது. மேஜைக்கு அடியில அவன் அழுறான்.

நாலு முப்பத்தி நாலு.

நாலு முப்பத்தி ஆறு.

விரல்ல ரத்தம்.

நாலு முப்பத்தி எட்டு.

டக்... உள்ளே போச்சு.

ணங்ங்ங்ங்... ஒரே ஒரு நீள மணி.

ஜன்னல்ல வெள்ளைத் தகடு.

அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. புயல் கூட இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கொன்னுச்சு. பதினாலு நிமிஷம். வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

நாலு ஐம்பத்திரண்டு. கதவு திறந்துச்சு.

மெய்ராம்.

அவன் மேல விழுந்து அழுதேன். அறைஞ்சேன். மறுபடி அழுதேன். அவன் உதடு நீலமா இருந்துச்சு.

"அம்மா... கரை மேல ஒரு ஆள் நின்னாரு. சிவப்பு விளக்கு. நான் பிரேக் போட்டேன். 'இறங்கு! ஓரமா ஒதுங்கு!'ன்னு கத்தினாரு. சட்டையைப் பிடிச்சு இழுத்து சரிவுல தள்ளிவிட்டாரு."

"அப்புறம்?"

"என்னமோ வந்துச்சும்மா. மேல, ஜீப்பை நோக்கி. சத்தம்... பூமியே ஆடுச்சு. முடிஞ்சோம்னு கண்ணை மூடினேன். ஜீப் கிட்ட வந்ததும்... வெட்டின மாதிரி நின்னு போச்சு. திறந்து பார்த்தா ஒண்ணும் இல்லை."

"எத்தனை மணிக்கு?"

"வாட்சைப் பார்த்தேன். நாலு முப்பத்தி எட்டு."

மேஜைக்கு அடியில விக்கல் சத்தம்.

"'வண்டியில ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்'னேன். 'நாங்க நாலு பேரு தம்பி, நடந்தே வந்துடுறோம்'னாரு. அங்கே அவர் ஒருத்தர்தாம்மா நின்னாரு. அவர் மேல ஒரு பொட்டுப் பனி இல்லை."

மெய்ராம் கோட்டுக்குள்ளே கையை விட்டான்.

"இதை உன்கிட்டக் குடுக்கச் சொன்னாரு. 'என்கிட்ட தடி இருந்துச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு'ன்னாரு. உன்னை அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

இரும்புத் தடி. நடுவுல வளைஞ்சு போயிருந்துச்சு. தாஸ்குதுக் – ஷெங்கெல்னு வெட்டின எழுத்து. நம்பர் ஒன்பது.

மெஷின்ல ஒன்பதாம் நம்பர் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்தே கிடையாது.

நூர்ஜிகித் மறுநாள் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, அன்னைக்குத் தான் அங்கேயே இல்லைன்னான். அவன் எடுத்த வீடியோவுல வெறும் பனி இரைச்சல்தான். கார் கண்ணாடிக்கு மட்டும் என்கிட்டக் காசு கேட்டான். "மேஜைக்கு அடியில தேடிப் பாரு, கிடைக்கும்"னேன். அதுக்கப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல அவன் மியூசியத்துல இருந்ததில்லை.

ஜனவரி மாசம், அடுப்பு பத்த வைக்கன்னு அவன் ஒதுக்கிப் போட்ட பழைய காகிதக் கட்டைப் பிரிச்சேன். 1957-ம் வருஷத்துக் கோப்பு. எரிக்கிறதுக்கு முன்னாடி புரட்டினேன்.

முதல் காகிதம், ஜனவரி மாச விசாரணை. "கூட்ஸ் வண்டி, நாற்பத்து மூன்று பெட்டிகள், தாஸ்குதுக்கிலிருந்து 16:19-க்குப் புறப்பட்டது. மேஸ்திரி ஒதெகென் தடி பெறாமல் லைனில் சென்றார். முழுத் தவறும் அவருடையது." அதுக்குக் கீழே மெக்கானிக் ஒருத்தன் பென்சில்ல கிறுக்கியிருந்தான். "தாஸ்குதுக் மெஷினின் பின்மூடித் திருகாணிகள் நாலும் புதிதாகக் கழற்றப்பட்டுள்ளன." அதை யாரோ சிவப்பு மையால அடிச்சிருந்தாங்க.

ஒதெகென் கையில தடி இருந்துச்சு. மெஷின் பூட்டித்தான் இருந்துச்சு. இங்கே இருந்த எவனோ ஒரு நூர்ஜிகித், பெரியவங்க அவசரப்படுத்தினாங்கன்னு, முதுகைத் திறந்து இன்னொரு தடியை உருவி கூட்ஸை அனுப்பிட்டான். அப்புறம் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டாங்க. நாலு பேர் பொணத்தையும் மறைச்சு, பழியைச் செத்தவன் தலையில கட்டிட்டாங்க. அந்தப் பொய்யைத்தான் நான் இருபத்தேழு வருஷம் சின்னப் பசங்களுக்குப் பாடமா சொன்னேன். அவனை முட்டாள்னேன். அவன் என் பிள்ளையைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் காப்பாத்தியிருக்கான். என்னை மாதிரி ஒரு வாய்க்கு எதைப் போட்டு அடிச்சாலும் தகும்.

அன்னைக்கே பழைய ரயில் ரிஜிஸ்டரைக் கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து எடுத்தேன். தொப்பியைப் பொம்மை தலையிலேர்ந்து பிடுங்கிப் போட்டுக்கிட்டேன். எழுதினேன்: "16:52. மேஸ்திரி ஒதெகென், ட்ராலி, ஆட்கள் நால்வர், வந்து சேர்ந்தனர். தடி எண் 9 பெற்றுக்கொண்டேன். லைன் காலி." கையெழுத்துப் போட்டேன். அன்னையிலேர்ந்து மணி அடிக்கலை, தடமும் இல்லை.

ஆனா கோப்புல இரண்டாவது காகிதம் ஒண்ணு இருந்துச்சு. அதே வருஷம், மார்ச் பதினொண்ணு. முதல் காகிதத்துல இருந்த அதே மூணு கையெழுத்து. பொய்யைக் கூட ஒழுங்கா சொல்லத் தெரியாத சோம்பேறிங்க, ரெண்டையும் ஒரே கோப்புல வெச்சுத் தெச்சிருக்கானுங்க.

"மோதலில் வளைந்த தடி, எண் 9, எங்கள் முன்னிலையில் பட்டறை உலையில் போட்டு முழுவதுமாக உருக்கப்பட்டது."

அந்தத் தடி இப்ப என் மேஜை மேல இருக்கு. அடுப்புக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்கேன். இன்னும் சூடேறலை.